வேர்ப்பாலத்தின் ஒட்டுகள்

பெங்களூரில் புதிதாக எழும்பும் எந்த அடுக்ககத்தின் வாசலைப் பார்த்தாலும், பெரிய தொட்டி ஒன்றில் தடித்துப் பளபளக்கும் கரும்பச்சை இலைகளோடு ஒரு ரப்பர் செடி நிற்கும். தாவரவியலில் அதற்கு ஃபைகஸ் எலாஸ்டிகா என்று பெயர். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பங்காளி அது. இன்று கேரளத் தோட்டங்களில் பால் வடிக்கப்படும் பிரேசில் மரத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது; ஆனாலும் 19ஆம் நூற்றாண்டில் அசாம் பக்கத்தில் இதன் பாலைக் கொண்டும் ரப்பர் செய்திருக்கிறார்கள். தொட்டியில் அடக்க ஒடுக்கமாக நிற்கும் இதே செடி, மேகாலயத்தின் தென்சரிவுகளில் ஓடைக்கு மேலாகக் கைநீட்டி, ஆட்களையும் சுமைகளையும் அக்கரைக்குக் கடத்தும் பாலமாக வளர்கிறது. காஸி, ஜயந்தியா மலை மக்கள் அதை அப்படி வளர்க்கிறார்கள் என்று சொல்வதே சரி. இந்த வேறுபாடு முக்கியமானது என்பதை அங்கு போய்ப் படம் எடுத்த பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

ஜெயநகரில் வசிக்கும் என் தாய்மாமாவோடு சென்றேன். வாழ்நாள் முழுவதும் பாலங்களுக்குக் கணக்குப் போட்டு ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் அவர். எனக்குப் படம் எடுக்க வேண்டும், அவருக்குப் பாலத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு திட்டம் இல்லை. மழைக்காலம் ஓய்ந்து ஓடைகள் இன்னும் வற்றாத பருவத்தைத் தேர்ந்தெடுத்தோம். குவஹாத்தி வரை விமானம், அங்கிருந்து ஷில்லாங்குக்குப் பங்கு வண்டி, பிறகு சிரபுஞ்சி என்று நாம் பள்ளியில் படித்த சோரா. இந்த வழியை விவரிக்கும் கட்டுரைகள் ஏராளமாக இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

மழையைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேர்ப்பாலம் என்பதே மழைக்குச் சொல்லப்பட்ட பதில். வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, வங்கதேசத்தின் சமவெளியைத் தடையின்றிக் கடந்து, செங்குத்தாக எழும் இந்த மலைச்சுவரில் மோதி மேலேறும்போது அத்தனையையும் இங்கேயே கொட்டிவிடுகிறது. பெங்களூரில் ஓராண்டுக்குப் பெய்யும் மழை 1,000 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சோராவிலும் அருகிலுள்ள மௌசின்ராமிலும் அது 11,000 மில்லிமீட்டரைத் தாண்டும். 1995 ஜூன் 16 அன்று சோராவில் ஒரே நாளில் 1,563 மில்லிமீட்டர் பெய்ததாக வானிலைப் பதிவு இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் மூங்கிலால் கட்டிய பாலம் சில ஆண்டுகளில் உளுத்துப் போகும், இரும்பு துருப்பிடிக்கும், ஓடையின் நடுவில் தூண் எழுப்பினால் முதல் வெள்ளத்திலேயே உருண்டு வரும் பாறை அதைப் பெயர்த்துவிடும். ஈரத்தில் கெடாமல் ஈரத்தாலேயே வலுவடையும் பொருள் ஒன்றுதான் தாக்குப்பிடிக்கும்; அது உயிருள்ள வேர்.

டிர்னா என்ற ஊரில் சாலை முடிகிறது. அங்கிருந்து, நாங்கள் தேடி வந்த பாலம் இருக்கும் நோங்ரியாட் ஊருக்கு ஏறக்குறைய 3,500 படிகள் என்கிறார்கள். கமுகந்தோப்புகளுக்கும் பலாமரங்களுக்கும் நடுவே செங்குத்தாக இறங்கும் அந்தப் படிகள் மாமாவின் முழங்காலைப் பதம் பார்த்தன. படித்தொடக்கத்தில் கிடைக்கும் மூங்கில் கோலை வாங்காமல் யாரும் இறங்கக் கூடாது. வழியில் கம்பிவடத்தில் தொங்கும் நடைபாலங்களைக் கடக்க வேண்டும். அவை ஒவ்வொரு அடிக்கும் ஆடும், மேலும் கீழும் துள்ளும். அதன்பின் ஊரையொட்டி இருக்கும் இரட்டை அடுக்கு வேர்ப்பாலத்தில் கால் வைத்தபோது அது அசையவே இல்லை. மாமா நடுப்பகுதிக்குப் போய்க் குதிகாலை ஊன்றிப் பார்த்தார், பிறகு கைப்பிடி வேரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார்.

"டேய், இதுக்கு டிராயிங் எங்கேடா இருக்கு?" என்றார்.

"அந்தப் பெரியவர் கையில இருக்கு மாமா, அங்க பாருங்க," என்று அக்கரையைக் காட்டினேன்.

அங்கே ஊர்ப் பெரியவர் ஒருவர் மரத்தடியில் குந்தியிருந்து, சுண்டுவிரல் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்த இளவேர் ஒன்றை ஒரு பழைய வேரின் மேல் சுற்றிக்கொண்டிருந்தார். அவசரம் காட்டாமல், வேர் ஒடியாத அளவுக்கு மட்டும் வளைத்து, இரண்டு சுற்று சுற்றி, நுனியை அடுத்த வேரின் இடுக்கில் செருகினார். கயிறு எதுவும் கட்டவில்லை. செருகிய நுனியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்து போய்விட்டார். மொத்த வேலையும் நான் லென்ஸை மாற்றும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கண்ணில் பட்டதைச் செய்துவிட்டுப் போவது போலத்தான் இருந்தது. பாலத்தைப் பராமரிப்பதற்கென்று தனியாக ஒரு நாளும் தனியாக ஓர் ஆளும் தேவைப்படாத ஏற்பாடு இது என்று மாமா பிற்பாடு வியந்துகொண்டே இருந்தார்.

பாலம் உருவாகும் முறையை அங்கே பல கட்டங்களில் காண முடிகிறது. ஓடைக்கரையில் ரப்பர் மரத்தை நட்டு வளர்க்கிறார்கள். அது பெரிதாகி விழுதுகள் விடத் தொடங்கியதும், மூங்கில் சாரத்தின் மேலாகவோ, நீளவாக்கில் பிளந்து உள்ளே குடைந்த கமுகமரத்தின் வழியாகவோ அந்த விழுதுகளை எதிர்க்கரைக்குச் செலுத்துகிறார்கள். சில இடங்களில் இரு கரையிலும் மரங்கள் இருக்கும். அப்போது வேர்கள் நடுவில் சந்திக்கும். நடைதளத்தின் இடைவெளிகளில் கற்களையும் மண்ணையும் இட்டு நிரப்புகிறார்கள். ஆட்கள் நம்பி நடக்கும் அளவுக்கு வலுவடையப் பொதுவாக 15 முதல் 30 ஆண்டுகள் வரை ஆகும். தொடங்கி வைத்தவர் தள்ளாத வயதில்தான் அதில் நடப்பார், பல சமயம் நடக்காமலேயே போவார்.

ஊர் திரும்பிய பின் படங்களைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, அவர் திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர், கேட்ட கேள்வி எங்கள் இருவருக்குமே உடனே பிடிபடவில்லை. "தம்பி, விழுதுன்னா கீழதான போகும், இது எப்படிக் குறுக்க போயி கெட்டியாவுது?" என்றார். அதற்கு விடை காட்டுவதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு மைசூர் சாலையைத் தாண்டி ராமோஹள்ளியில் இருக்கும் பெரிய ஆலமரத்துக்குப் போனோம். மூன்று ஏக்கர் அளவுக்குப் படர்ந்திருக்கும் அந்த ஆலின் தாய்மரம் நோயில் அழிந்து ஆண்டுகள் பல ஆகின்றன. விழுதுகளே இன்று மரங்களாக நின்று அதைத் தாங்குகின்றன. அங்கே கவனித்தால் ஒன்று தெரியும். காற்றில் தொங்கும் வரை விழுது மெலிந்தே இருக்கிறது. மண்ணைத் தொட்டு உள்ளே இறங்கிய விழுதுதான் மளமளவென்று பருக்கிறது. வேர்ப்பாலத்திலும் நடப்பது அதுவே. குறுக்கே செலுத்தப்படும் வேர் எதிர்க்கரை மண்ணை எட்டிப் பிடிக்கும் வரை அது வெறும் கயிறு. பிடித்த பிறகு இரு முனையிலும் உணவும் நீரும் கிடைத்துப் பருமனாகி, இழுவையைத் தாங்கத் தொடங்குகிறது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "அப்போ அக்கரையில மண்ணுதான் முக்கியம்," என்றார். மாமாவும் நானும் பக்கம் பக்கமாகப் படித்தும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாவது விஷயம் ஒட்டு. இரண்டு வேர்கள் ஒன்றன் மேல் ஒன்று அழுந்திக் கிடக்கும்போது, உரசலில் பட்டை தேய்ந்து சிறு காயங்கள் உண்டாகின்றன. காயத்தை மூட இரு வேரும் திசுவை வளர்க்கின்றன. நாளடைவில் அந்தத் திசுக்கள் ஒன்றாகி, பட்டையை வெளியே தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் கட்டையும் கட்டையும் சேர்ந்துவிடுகின்றன. பெரியவர் சுற்றிவைத்த இளவேரும் அப்படித்தான் பழைய வேரோடு ஒரு நாள் ஒன்றாகும். ஆணியும் திருகும் இல்லாத அந்தப் பாலத்தின் வலிமை முழுவதும் இந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது. ஒரு வேர் உளுத்தாலும் சுமை வேறு பத்து வேர்களின் வழியே இறங்கிவிடும். நாம் கட்டும் பாலம் திறப்பு விழா அன்றுதான் உச்ச வலிமையோடு இருக்கும், அதன்பின் அதற்குத் தேய்மானம்தான் என்பார் மாமா. இது வயது ஏற ஏற வலுக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒரு முழு மாலைப்பொழுது தேவைப்பட்டது. கரையின் மண்ணையும் இதே வேர்கள் இறுகப் பற்றியிருப்பதால் சரிவு காக்கப்படுவதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி படம் எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் காணக் கிடைக்கும் வேர்ப்பாலப் படங்களில் பெரும்பாலானவை ஒரே கோணத்தில் எடுத்தவை. ஓடையில் இறங்கி நின்று, அகலக் கோண லென்ஸில் இரு தளங்களும் தெரியும்படி, யாரும் நடக்காத ஒரு நொடியில், அரை நிமிடம் வரை ஷட்டரைத் திறந்து வைத்து எடுக்கிறார்கள். ஓடை பால்போல, புகைபோல மாறிவிடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் பாலம் எதற்காக இருக்கிறதோ அந்தக் காரணம் துடைத்தெறியப்பட்டுவிடுகிறது. மழைக்காலத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு வரும் நீர் அது. கீழ்த்தளத்தை வெள்ளம் எட்டத் தொடங்கியதால்தான் மேல்தளம் பின்னால் வளர்க்கப்பட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அதைப் புகையாக்கிக் காட்டினால் பாலம் வெறும் கற்பனை உலகத்து அலங்காரமாகிவிடும். நான் ஷட்டரை எட்டில் ஒரு விநாடிக்கும் அறுபதில் ஒரு விநாடிக்கும் இடையில் வைத்தேன். நீரின் முறுக்கும் பாறையில் அது மோதித் தெறிப்பதும் அப்போதுதான் பதிவாகின்றன.

காட்டுக்குள் ஒளி ஒரு பெரிய சிக்கல். மேலே இலைக்கூரையின் ஓட்டைகளில் வானம் வெள்ளையாக எரிகிறது, கீழே வேர்களின் இடுக்கில் கும்மிருட்டு. ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்க முயன்றால் இரண்டும் கெடும். வானத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவதே எளிய வழி. மேகம் மூடிய வேளையும் வெயில் பள்ளத்தாக்குக்குள் இறங்காத அதிகாலையும் சிறந்தவை. ஈரமான இலையும் வேரும் கண்ணாடிபோல் மின்னி நிறத்தை விழுங்கிவிடுவதால் போலரைசர் வடிகட்டி இல்லாமல் போவதில் பயனில்லை. சுற்றிலும் பச்சை என்பதால் கேமராவின் தானியங்கி வெண்சமநிலை தடுமாறி வேர்களுக்கும் பச்சை பூசிவிடும். அதைக் கையால் சரிசெய்ய வேண்டும். லென்ஸில் ஏறும் ஈரத்துக்கு விலையுயர்ந்த துணிகளைவிட நம் ஊர் ஈரிழைத் துண்டு நன்றாக உழைத்தது. முக்காலியை வேர்ப்பாலத்தின் மேல் வைத்தால் படம் நடுங்காது என்றாலும் வைக்கக் கூடாது. அதன் கூர்முனைகள் இளவேரைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் வெள்ளைப் பால் கசிவதைக் கண்ணால் கண்டேன்.

அதைவிடப் பெரிய காரணம், அது ஊராரின் வழி. நாங்கள் இருந்தபோது பெங்களூரிலிருந்தே வந்த ஒரு புகைப்படச் சுற்றுலாக் குழு கீழ்த்தளத்தின் இரு முனையையும் முக்காலிகளால் அடைத்துக்கொண்டு, ஆளில்லாப் பாலத்துக்காகக் காத்திருந்தது. நெற்றியில் பட்டை கட்டி, முதுகில் கூம்புக்கூடை நிறையச் சுமையோடு வந்த ஒரு பெண்மணி ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்றார். குழுவை வழிநடத்தியவர் அவரை "ஒரு நிமிடம்" என்று கையால் நிறுத்தியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆளில்லாத பாலம் என்ற அந்தப் படம் எனக்கு வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். அந்தப் பெண்மணி கடந்து போன பிறகு, அவருடைய அனுமதியோடு, அக்கரைப் படியில் சுமை இறக்கி அமர்ந்தபோது ஒரு படம் எடுத்தேன். அவர் எங்களுக்கு வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மடித்துக் கொடுத்தார். விருந்தினருக்குப் பாக்கு கொடுப்பது அந்த மலைகளின் மரியாதை. ஊறிய பச்சைப்பாக்கின் காரம் தெரியாமல் வாயில் போட்ட மாமாவுக்கு வியர்த்துக் கொட்டி, சற்று நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே நான் பாலத்தின் முழுத் தோற்றத்தைச் சில படங்களோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரத்தை ஒட்டுகளுக்குக் கொடுத்தேன். மேல்தளத்தின் கைப்பிடியில் ஓர் ஒட்டு இருக்கிறது. மணிக்கட்டுக் கனமுள்ள மூன்று வேர்கள் அங்கே கூடுகின்றன. இரண்டு முற்றிலும் ஒன்றாகி, சேர்ந்த கோடுகூட மறைந்து, ஒரு மேடாகப் புடைத்திருக்கின்றன. மூன்றாவது வேர் அவற்றின் மேல் சாய்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் சேரவில்லை. இடுக்கில் பாசியும் ஒரு நகக்கண் அளவுக்கு இருட்டும் இருக்கின்றன. முந்தைய தலைமுறையில் யாரோ வளைத்த வேர்களும், சில ஆண்டுகளுக்கு முன் யாரோ வளைத்த வேரும் ஒரு சாண் இடத்தில் அருகருகே நிற்கின்றன. காலத்தைக் காட்ட வேண்டும் என்றால் இந்த ஒரு சாண் போதும். பாலத்தின் பழமையைப் பற்றிய பெருமிதமான வாசகங்கள் எனக்கு அலுப்பூட்டுவதற்குக் காரணமும் இதுதான். பழையது என்று சொல்லும்போது, இன்று காலை செருகப்பட்ட வேரை மறந்துவிடுகிறோம்.

இப்படி ஒட்டு ஒட்டாகப் பார்ப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 1844இல் ஹென்றி யூல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இந்தப் பாலங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபெர்டினாண்ட் லுட்விக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் 74 பாலங்களை ஆராய்ந்து 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள். வரைபடம் இல்லாத, நேர்கோடே இல்லாத ஒரு கட்டுமானத்தை அளப்பதற்கு அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று புகைப்படம். பல்லாயிரம் படங்களை எடுத்து, அவற்றைக் கணினியில் இணைத்து முப்பரிமாண உருவமாக்கினார்கள். 2022இல் இந்தப் பாலங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன.

முப்பரிமாண முறையை மாமா கேள்விப்பட்டதும் விடவில்லை. அந்த மூன்று வேர் ஒட்டை அதே முறையில் பதிவு செய்யச் சொன்னார். ஒட்டைச் சுற்றிச் சிறிது சிறிதாக நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை மீண்டும் காட்டும்படி, வெளிச்ச அளவையும் குவியத்தையும் மாற்றாமல் எடுக்க வேண்டும். நிழல் விழாத மேகமூட்டம் இதற்கு ஏற்றது. அளவுக்காக ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்தோம். வேர் அசையாததால் வேலை எளிதாக முடிந்தது. சுற்றியிருந்த பெரணி இலைகள் மட்டும் காற்றில் ஆடி, உருவத்தில் கந்தலாகத் தெரிகின்றன. ஜெயநகர் வீட்டில் அதைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேர்களின் விட்டத்தை மாமா ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடலாம் என்று பலர் வருகிறார்கள். அவர்களால் முற்பகல் முதல் பிற்பகல் வரை பாலம் நெரிசலாகிறது. நோங்ரியாட்டில் வீட்டுத் தங்கல்கள் உண்டு. சோறும் பருப்பும் சூடாகக் கிடைக்கும், இரவு தங்கினால் நல்ல ஒளி உங்களுடையது, வாடகையும் ஊருக்குள் தங்கும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் மௌலின்னோங் அருகே ரிவாய் ஊரின் பாலத்துக்குப் போகலாம், படிகள் குறைவு, கூட்டம் அதிகம். நீளத்தில் ஆர்வமுள்ளவர்கள் பின்உர்ஸ்லா பக்கத்தில் ரங்தில்லியாங் பாலத்தைத் தேடலாம். அது 50 மீட்டருக்கும் மேல் நீளமானது.

பெரியவர் செருகிய இளவேரின் கதையைத் தொடர எனக்கு ஆசை. நாங்கள் தங்கிய வீட்டு இளைஞர் அதை அவ்வப்போது கைபேசியில் படம் எடுத்து அனுப்புவதாக ஒப்புக்கொண்டார், முதல் படமும் வந்துவிட்டது. ஆனால் அதை வைத்து வேர் பருத்திருக்கிறதா, கேமரா கிட்டே போயிருக்கிறதா என்று முடிவுசெய்ய முடியவில்லை என்று மாமா குறைபட்டுக்கொண்டார். அடுத்த முறை பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுக்கச் சொல்லி அந்த இளைஞருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.